பெரியப்பா மகள் ஓட்டிய டிராக்டர்

நம் வயதில் வந்து பொறாமையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சின்ன வயதில் வந்து போகிற அம்மை மாதிரி அதையும் நினைத்துக்கொள்கிறார்கள். காதோரம் நரைத்துவிட்ட உங்களுக்குத் தெரியும், அது போவதில்லை. சர்க்கரை வியாதி மாதிரி கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனக்கு அது வந்த வருடத்தைச் சொல்கிறேன். கோத்தகிரியில் என்னோடு படித்தவர்களுக்கு அந்த வருடம் மறந்திருக்காது. தேயிலை விலை விழுந்த வருடம்.

பறித்த இலையை மூட்டை கட்டி ஃபேக்டரி வாசல்வரை தூக்கிக்கொண்டு போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டு, வருகிற வழியில் ஓடையில் கொட்டிவிட்டு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். காலையில் ஸ்கூலுக்குப் போகும்போது கூடவே வருமே, இலை வாடுகிற வாசனையும் வறுபடுகிற வாசனையும் கலந்து, அது நின்றுபோனது. நின்றுபோனது அப்போது நமக்குத் தெரியவில்லை. எதுவோ குறைகிறது என்று மூக்குக்கு மட்டும் தெரிந்தது. வகுப்பில் நடுநடுவே இடம் காலியானது. கேட்டால், "திருப்பூருக்குப் போயிட்டாங்க" என்பார் டீச்சர்.

அப்பாவுக்குக் கடைத்தெருவில் மோட்டார் ரிப்பேர் கடை. தண்ணீர் இறைக்கிற பம்பு, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், அதற்கான ஹோஸ், வாஷர், பெல்ட். தோட்டக்காரர்கள் கையில் பண ஓட்டம் இல்லாதபோது யார் பம்பை ரிப்பேர் செய்வார்கள்? கடையைத் திறந்து, தூசி தட்டி, ரேடியோ கேட்டுவிட்டுச் சாயங்காலம் சாத்துவார். அப்படியிருக்கும்போது ஒருநாள் ஒரு எஸ்டேட் பங்களாவில் பம்பு பார்க்கப் போனவர், வாடகை டெம்போவில் ஒரு துருப்பிடித்த வஸ்துவை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

அது தோட்ட டிராக்டர். நீங்கள் வயலில் பார்க்கிற டிராக்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். கன்றுக்குட்டி உயரம்தான் இருக்கும். ஒரு ஆள் உட்காரலாம். துரைமார் காலத்தில் பங்களாப் புல்வெளியை வெட்டவும், குட்டி டிரெய்லரில் சாணமும் விறகும் இழுக்கவும் சீமையிலிருந்து வரவழைத்தது. துரைகள் போன பின்னால் வந்தவர்கள் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். பிறகு ஏதாவது ஒரு ஸ்பேர் கிடைக்காமல் நின்றது. நின்றதை ஷெட்டுக்குள் தள்ளினார்கள். ஷெட்டின் கூரையும் விழுந்த பிறகு அது அங்கேயே மண்ணாகிக்கொண்டு கிடந்தது. தேயிலை விழுந்தபோது எஸ்டேட்டுகள் பங்களாச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட ஆரம்பித்தன. குளியல் தொட்டி, பியானோ, கணப்புக் கம்பி. அவற்றோடு இந்தக் குட்டி வண்டிகளும் வந்தன.

"ஏனுங்க, இது என்னத்துக்கு ஆகும்?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"காரட்டுக்கு ஆகும்" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். தேயிலைச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சமதளம் கொஞ்சம் உள்ளவர்களெல்லாம் காரட்டும் உருளையும் போட ஆரம்பித்திருந்தார்கள். பெரிய டிராக்டர் அந்தத் துண்டு நிலத்தில் திரும்பாது. இது திரும்பும். மூட்டையை மேட்டு ரோட்டுக்கு இழுத்துக் கொடுக்கும். முதல் வண்டியை அப்பா மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரித்து மாட்டி, ஊட்டிப் பக்கத்துக் காரட்டுக்காரர் ஒருவருக்கு விலைக்குக் கொடுத்தார். பிறகு அவருக்கு அதே ஞாபகம்தான். எந்த பங்களாவின் பின்பக்கத்தில் எது கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்.

சனிக்கிழமைகளில் தேடிப் போவோம். போவோம் என்றால் அப்பாவும் நானும். டெம்போவின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அப்பா, அவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் நான். கண்ணாடி முழுவதும் ஏறாது. முகத்தில் பனி அடிக்கும், காது மரத்துப்போகும். வழியில் வர்க்கியும் டீயும் வாங்கித் தருவார். வர்க்கியை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ளும் போட்டி எங்களுக்குள் உண்டு. கடையில் பேசாத மனிதர் அந்த வண்டிக்குள் வாய் ஓயாமல் பேசுவார். மேக்னெட்டோ என்றால் என்ன, கார்பரேட்டர் எப்படி மூச்சு விடும், எதனால் பிஸ்டன் இறுகிப்போகும். பாதி எனக்குப் புரியாது. ஆனால் அதை அவர் எனக்குத்தான் சொல்கிறார், வேறு யாருக்கும் இல்லை என்பது புரிந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது. பதினோரு வயதில் ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

குன்னூர்ப் பக்கம் ஒரு பங்களாவுக்கு அப்படித்தான் போனோம். காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. வாட்ச்மேன், சிலோனிலிருந்து திரும்பி வந்தவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இங்க ஒண்ணும் இல்லீங்களே. தொர இருக்கயிலயே அம்புட்டையும் எறக்கிட்டாங்க" என்றார். அப்பாவும் திரும்பக் கிளம்பிவிட்டார். நான் பூச்செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கொடி பந்தல்போலப் படர்ந்து மேடிட்டிருந்தது. கொடிக்கு நடுவே வட்டமாக ஏதோ தெரிந்தது. கையை விட்டுத் தடவினேன். ரப்பர். வெடித்துப்போன ரப்பர் டயர்.

"அப்பா! இங்க ஒண்ணு கெடக்குது!"

அப்பா ஓடி வந்தார். உண்மையாகவே ஓடினார், அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கொடியைப் பிய்த்து எறிந்தார். சீட்டின் மேல் பழைய குருவிக்கூடு. எஞ்சின் மூடியின் மேல் பாசி. நகத்தால் பாசியைச் சுரண்டினார். அடியில் சிவப்பு. நம் ஊரில் அப்படி ஒரு சிவப்பை நான் எங்கும் பார்த்ததில்லை, அத்தனை காலம் மழையில் கிடந்தும் பழுத்த பழம்போல இருந்தது.

என்னைத் தூக்கி அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "கண்ணு, இது நீ பார்த்த வண்டி. இதெ விக்கறதில்லை, என்ன?" என்றார்.

வாட்ச்மேன்கூடச் சிரித்தார். அந்த வார்த்தையை நான் எத்தனை நாள் வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன் தெரியுமா? நீ பார்த்த வண்டி.

அந்தப் பனிக்காலத்திலேயேதான் பெரியப்பாவின் ஃபேக்டரியை மூடினார்கள். பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். சின்னத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் தூளின் பக்குவம் பார்க்கிற டீ மேக்கர். உள்ளங்கையில் தூளைக் கொட்டி ஊதிப் பார்த்து எல்லாம் சொல்லிவிடுகிறவர் என்று பெயர். இஸ்திரி போட்ட சட்டை, கை இல்லாத ஸ்வெட்டர், பளபளக்கிற ஷூ. ஃபேக்டரி மூடிய பிறகும் அதே உடையில், அதே நேரத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி அப்பாவின் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். எதையும் தொடமாட்டார். க்ரீஸ் பட்டுவிடும் என்று காலைக்கூட உள்ளே இழுத்துக்கொள்வார். அப்பா டீ வரவழைத்துக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கெ" என்று வைத்துவிடுவார்.

அவருக்கு ஒரே மகள். எனக்கு அக்கா முறை. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். உயரம், கறுப்பு, நீளக் கை. அதிகம் பேசமாட்டாள். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பாள். ஒருநாள் பெரியப்பாவுக்குச் சோற்றுப் போசி கொண்டுவந்தவள், சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அப்பா அதை அப்போதுதான் பிரித்துப் போட்டிருந்தார். ஒரு நட்டு நழுவி கியர்ப்பெட்டிக்குள் விழுந்துவிட்டது. அவர் கை உள்ளே போகவில்லை.

அப்பா நிமிர்ந்தார். "அம்மிணி, உன்ற கை ஒல்லியா இருக்குது. உள்ளே விட்டு எடு பாக்கலாம்" என்றார் அவளிடம்.

நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் கை அவள் கையைவிடச் சின்னது. அப்பாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் திரும்பலை என்னால் அப்படியே வரைந்து காட்ட முடியும்.

அவள் முழங்கைவரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவி, நட்டை எடுத்தாள். கறுத்த கையைப் பார்த்தாள். சிரித்தாள். பெரியப்பா, "கையக் கழுவிட்டு ஊட்டுக்குப் போ" என்றார். அவள் போகவில்லை. அன்று சாயங்காலம்வரை இருந்தாள். மறுநாளும் வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போனது. முதலில் சட்டை. வேலைக்குப் போடுகிற பழைய காக்கிச் சட்டை ஒன்று அப்பாவிடம் இருந்தது. பெட்ரோலும் பீடியும் மணக்கும். தூக்கம் வராத நாளில் நான் அதைத்தான் போர்த்திக்கொள்வேன். அதை அவளுக்குக் கொடுத்தார், பாவாடை தாவணி பாழாகக் கூடாது என்று. அவள் அதைத் தாவணிக்கு மேலே மாட்டிக் கையை மடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னலோரம். அக்காவுக்கு வளைவில் வாந்தி வரும் என்பதால் அந்த இடம் அவளுக்குப் போனது. நான் அப்பாவின் மடியில் பாதியும் கியர் கம்பியின் மேல் பாதியுமாக உட்கார்ந்து வந்தேன். பிறகு பேச்சு. கார்பரேட்டரைப் பற்றி அப்பா பேசும்போது இப்போது என் தலைக்கு மேலாக அவளைப் பார்த்துப் பேசினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், கேட்டுவிட்டுத் திருப்பி ஏதாவது கேட்டாள். நான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அவள் எனக்கு வர்க்கி எடுத்து வைப்பாள். "இந்த ஸ்பேனரப் புடிச்சுக்கோ கண்ணு, நீதான் கேட்கறப்பக் குடுக்கணும்" என்பாள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவேன். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். அம்மா சூடான ரசத்தைக் கொடுப்பாள். சளி என்று நினைத்தாள்.

அம்மாவுக்கும் ஒரு எரிச்சல் இருந்தது. அதை அவள் சாப்பாட்டு நேரத்தில்தான் எடுப்பாள்.

"ஊருல இருக்கற ஓட்டை வண்டியெல்லாம் சொமந்துட்டு வாறீங்க. வர்ற காசுல பாதி அண்ணன் ஊட்டுக்குத்தான் போகுது. நம்ம புள்ள ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியுதா?"

"மெதுவாப் பேசு."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? அவங்களுக்குச் செய்யணும்னா நேரா அவங்க கையில குடுத்துப்போடுங்க. அதென்ன சுத்திவளைச்சு?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன் கையில குடுத்தா வாங்குவாரா? அந்தப் புள்ள சம்பாரிச்சதுன்னா வாங்குவாரு."

இதை நான் காதால் கேட்டேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எனக்கு அதில் பட்டது அந்தப் புள்ள என்கிற சொல் மட்டும்தான். அந்தப் புள்ளயாம். நான் இருக்கும்போது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது இன்னதற்காக கண்ணு என்று அப்பா சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். பதினோரு வயதுக்கு அவ்வளவு புரியாதா? குழந்தைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். நம் அப்பாக்கள் எல்லோரும் அப்படித்தானே விட்டார்கள்.

சிவப்பு வண்டி முதன்முதலில் உறுமிய அன்று கடைத்தெருவே கூடிவிட்டது. ஸ்டார்ட்டிங் ஹாண்டிலை முன்பக்கம் மாட்டிச் சுற்ற வேண்டும். அக்காதான் சுற்றினாள். இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு நீலப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. கடைத் தகரம் அதிர்ந்தது. பேக்கரிக்காரர் கை தட்டினார். பெரியப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, ஃபேக்டரி மூடிய பிறகு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். அப்பா யாரிடமோ உரக்கச் சொன்னார்: "இது எங்க அண்ணன் மக வண்டிங்க. அவதான் உசுரு குடுத்தா."

சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வராத நேரம் பார்த்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கும் சொல்லிக் குடுங்க. ஹாண்டில நானும் சுத்தறேன்."

"உனக்கு வலு பத்தாது கண்ணு."

"அவளுக்கு மட்டும் பத்துமா?"

அழுவேன் என்று தெரிந்துதான் ஒத்துக்கொண்டார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும், ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது, எஞ்சின் திருப்பி உதைத்தால் கை போய்விடும் என்று அவளுக்குப் பலமுறை சொன்னவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்துகாட்டும்போது தானே சுற்றிப் பிடித்துவிட்டார். எஞ்சின் உதைத்தது. காய்ந்த விறகை முறிக்கிற சத்தம். அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அம்மா என்னிடம் திரும்பினாள். "இனி அந்தப் பக்கம் உன்ற காலு போச்சுன்னா முறிச்சுப் போடுவேன். கேட்டுதா?" அப்பா வலியில் இருந்தார். ஆனாலும் ஒரு வார்த்தை, புள்ள மேல தப்பில்லை என்று, சொல்லியிருக்கலாம்.

அப்புறம் என்ன, கடை ஷெட்டு முழுவதும் அவளுடையதானது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் காட்டுவார். அவள் செய்வாள். தெருவில் வண்டியை ஓட்டிப் பழகினாள். காக்கிச் சட்டை, பின்னிப் போட்ட ஒற்றைச் சடை, நிமிர்ந்த முதுகு. நான் வீட்டு ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பேன். கண்ணாடியில் என் மூச்சு படிந்து அவள் மறைவாள். துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பேன்.

மாரியம்மன் நோம்பி வந்தது. சப்பரத்தை வருடாவருடம் இழுத்துப்போவது பெரியப்பா ஃபேக்டரியின் லாரி. ஃபேக்டரியே இல்லை, லாரி எங்கிருந்து வரும்? வாடகைக்கு அமர்த்தக் கோயில் கமிட்டிக்கு வழியில்லை. கமிட்டிப் பெரியவர் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உங்க செவப்பு வண்டி இழுக்குமுங்களா? சின்னச் சப்பரந்தான். பின்னால தள்ளறதுக்கு ஆளு போட்டுக்கலாம்."

"வண்டி இழுக்கும். எனக்குத்தான் கை இல்லை" என்றார் அப்பா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி. "அண்ணன் மக ஓட்டுவா."

பெரியவர் தயங்கினார். "பொம்பளப் புள்ளைங்களா?"

"மேல உக்காந்து வர்ற சாமியும் பொம்பளதானுங்களே."

பெரியவர் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது. அவர்கள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ மட்கார்டு மேல உக்காந்துக்க கண்ணு. பூக்கூடையை மடியில வெச்சுட்டு. என்ன, சந்தோசந்தானே?"

ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு. நான் தலையாட்டினேன்.

நோம்பியன்று மத்தியானம் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்தாள். நேரம் ஆகிறது என்று கிளம்பிவிட்டாள். அப்போது அக்கா வந்தாள். தலை நிறைய கனகாம்பரம், புதுத் தாவணி. அன்று மட்டும் காக்கிச் சட்டை இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எந்திரி. உனக்கு வலியில்லைன்னு எனக்குத் தெரியும்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"நீ வரலைன்னா நானும் ஓட்டலை."

"ஓட்டாதே."

அவள் எழுந்து, என் கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துத் தோள்வரை போர்த்திவிட்டு, போய்விட்டாள். ஓட்டவும் செய்தாள்.

அதை நான் காதால்தான் பார்த்தேன். எங்கள் வீடு கடைத்தெருவுக்கு மேலே, வளைவுக்குப் பக்கத்தில். முதலில் பறை. பிறகு நாதஸ்வரம். அவற்றுக்கு அடியில் அந்த எஞ்சின், எனக்கு அதன் ஒவ்வொரு இருமலும் தெரியும். மார்க்கெட்டைக் கடந்தது. ஏற்றம் ஆரம்பித்தது. சத்தம் கனத்தது. வளைவுக்கு வந்தபோது இழுக்க முடியாமல் முக்கியது. பிறகு நின்றுவிட்டது.

பறையும் நின்றது. ஊரே மூச்சை நிறுத்தியது போலிருந்தது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். என் உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. அது சந்தோஷம். வேறு பெயர் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை, நல்ல, சுத்தமான சந்தோஷம்.

அப்போது எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜனம் ஓவென்று கத்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். பறை முன்னைவிட வேகமாக அடித்தது. எல்லாம் என் ஜன்னலைத் தாண்டி மேலே ஏறிப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன என்று அடுத்த நாளிலிருந்து ஊரே சொன்னது. சப்பரம் பின்னால் நகர ஆரம்பித்ததாம். அக்கா சீட்டிலிருந்து எழுந்து முழு உடம்பையும் பிரேக்கின் மேல் கொடுத்து நிறுத்தினாளாம். ஆட்கள் சக்கரத்துக்குக் கல் வைத்தார்களாம். ஹாண்டில் சுற்ற அப்பாவுக்குக் கை இல்லை. அவளுக்கு பிரேக்கிலிருந்து காலை எடுக்க வழியில்லை. மற்றவர்களுக்கு எப்படிச் சுற்றுவது என்று தெரியாது. அப்போது கூட்டத்திலிருந்து பெரியப்பா வந்தாராம். ஸ்வெட்டரைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மண்ணில் காலை ஊன்றி, அந்த க்ரீஸ் பிடித்த ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாராம். அத்தனை நாள் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கட்டைவிரலைக்கூடச் சரியாக வைத்தாராம்.

இன்றைக்கும் ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். "நீ எங்க நின்னு பார்த்தே?" என்று நம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் அன்றைக்கு அதைப் பார்க்காத ஆள் அநேகமாக நான் ஒருத்திதான்.

நோம்பி முடிந்ததும் சிவப்பு வண்டி பெரியப்பா வீட்டுக்குப் போனது. ஒரு குட்டி டிரெய்லர் பூட்டி, காரட் மூட்டை இழுக்க. அந்த ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு பெரியப்பாவே ஓட்டினார். காலையில் நாம் ஸ்கூலுக்குப் போகும்போது எதிரே வருவாரே, அதுதான்.

வண்டியை ஓட்டிக்கொண்டு போன அன்று நான் தாங்காமல் அப்பாவிடம் போய் நின்றேன். "விக்கறதில்லைன்னு சொன்னீங்க."

"விக்கலையே. அண்ணன் ஊட்டுல நிக்கட்டும். அங்க நின்னா என்ன, இங்க நின்னா என்ன?"

"அது நான் பார்த்த வண்டி."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, எதையோ தேடுகிறவர் போல. பிறகு, "அப்படியா? நீயா பார்த்தே?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மறந்தே போயிருந்தார். கொடி, குருவிக்கூடு, அவர் ஓடி வந்தது, என்னைத் தூக்கி உட்கார வைத்தது, எதுவும் அவரிடம் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றும் வரவில்லை. அவர் அழுக்கேறிய மாவுக்கட்டின் ஓரத்தைச் சொறிந்துகொண்டே உள்ளே போனார்.

தேயிலைக்கு மெல்ல விலை திரும்பியது. சமவெளியிலிருந்து புது மாதிரிக் கை டிராக்டர்கள் வந்து இறங்கின. பங்களாக்களின் பின்பக்கத்தில் தேடுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. அப்பா பம்புக்குத் திரும்பினார். மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார். அம்மா உடனே என்னைப் பார்ப்பாள். அக்கா கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்தாள், அதில் படித்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம். இன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் விவசாய இயந்திரக் கடை வைத்திருக்கிறாள். நான் பாங்க் உத்தியோகத்துக்குப் போனேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அப்பா போன பிறகு அவர் கருவிப் பெட்டியை யார் எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, அம்மாவே அதை அக்காவிடம் கொடுத்தாள். அது சரியான முடிவு என்று நானும் சொன்னேன். காரில் வீடு திரும்பும்வரை யாரோடும் பேசவில்லை.

போன வருடம் அக்கா கோத்தகிரியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். போயிருந்தேன். ஹாலில் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தக் கமிட்டிப் பெரியவரைப் பேரன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தான். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது. நான் வணக்கம் சொல்லிக் குனிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு, ரிப்பேர்க் கடைக்காரர் ஊட்டுப் புள்ளையா?"

"ஆமாங்கய்யா."

"அட, நீதானே அம்மிணி அன்னிக்கு டிராக்டர்ல மாரியாத்தாள இழுத்துட்டு வந்தது?"

நான் வாயைத் திறந்தேன். எதிரே அக்கா காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா, இவளேதானுங்க" என்றாள். பெரியவருக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்ததை, காபி கொடுக்கிற கையோடு தூக்கிக் கொடுத்துவிட்டுப் போக அவளால் முடிகிறதே என்று, அதற்கும் பொறாமைப்பட்டேன்.